அன்புராசாவின் அக்கா

ஸ்காபரோவில் தவமலர் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அன்புராசாவின் அக்கா என்றால் உடனே தெரியும். கோயிலுக்கு அவள் போனால் யாராவது எழும்பி இடம் விடுவார்கள். மாவீரர் கூட்டங்களுக்கு அழைக்க வருகிற பெடியன்கள் சப்பாத்தை வாசலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் பூனைபோல உள்ளே வந்து, நீட்டிய தேத்தண்ணியை இரண்டு கையாலும் வாங்குவார்கள். அவளுடைய புருஷன் இராஜரட்ணத்துக்கு அதில் நல்ல பெருமை. அவளுக்கும் பெருமை இல்லை என்று சொல்லமுடியாது.

தம்பி ஊரில் இயக்கத்தில் இருந்தான். வன்னியில் ஏதோ பெரிய பொறுப்பு. என்ன பொறுப்பு என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "நிர்வாகம்" என்பார்கள். கேட்கிறவர்களுக்கு அவளும் அப்படியே சொன்னாள்.

அவனை வளர்த்தது அவள்தான். தாய் கண்ணை மூடியபோது அவனுக்குப் பால் பல்லே விழவில்லை. தகப்பன் தபாற் கந்தோரில் வேலை செய்த, அதிகம் பேசாத மனிதர். தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடம் கூட்டிப்போனது, சின்னம்மை வந்தபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது எல்லாம் அவள். நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தான். பொய் சொல்லமாட்டான். படித்து முடித்ததும் சங்கக்கடையில் மனேச்சர் வேலை கிடைத்தது. அவன் வரும்வரைக்கும் அந்தக் கடையில் கூப்பன் அரிசிக்குச் சண்டை நடக்காத நாளில்லை. அவன் வந்த பிறகு வரிசை ஒழுங்காக நின்றது. தெரிந்தவன், சொந்தக்காரன் என்று ஒரு பிடி கூடப் போடமாட்டான். எண்பத்துநாலில் ஒருநாள் கடையின் திறப்புக் கொத்தைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டு இயக்கத்துக்குப் போனான். அங்கேயும் அவனுக்குக் களஞ்சியப் பொறுப்புத்தான் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. துவக்குத் தூக்குகிற வேலை இல்லையே.

கல்யாணமாகி, எண்பத்தெட்டில் கனடாவுக்கு வந்து, டோனட் கடையில் மூன்று வருடம் நின்று காலில் நரம்பு புடைத்தபிறகு, தவமலருக்கு அவளுடைய பழைய தொழிலே திரும்பக் கிடைத்தது. யாழ்ப்பாணம் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டெழுத்தாளராக இருந்தவள். டவுன்ரவுனில் ஒரு சின்னக் கம்பனி, நீதிமன்ற விசாரணைகளின் ஒலிநாடாக்களைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுத்தது. காதில் ஹெட்போன், காலடியில் நாடாவை நிறுத்தி ஓடவிட ஒரு மிதி, முன்னால் கொம்பியூட்டர். விவாகரத்து, கார் விபத்து, வீட்டுக்காரனும் வாடகைக்காரனும் போட்ட சண்டை என்று ஊரார் துக்கமெல்லாம் அவள் காதுக்குள்ளால் போய் விரல் நுனியால் வெளியே வரும். பின்னேரம் ஹெட்போனைக் கழற்றினால் ஒன்றும் நினைவில் நிற்காது. அப்படி எதையும் நினைவில் வைக்காதவர்கள்தான் அந்த வேலைக்குச் சரிவருவார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒட்டோ வெல்னரின் நாடாக்கள் வந்தன.

வெல்னருக்கு எண்பத்தெட்டு வயது. அஜின்கோர்ட்டில் வீடு. கதிரை, மேசை செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சாமான் வாங்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். தேவாலயக் குழுவில் அங்கத்தவர். பனி கொட்டினால் பக்கத்து வீட்டுக் கிழவியின் வாசலையும் சேர்த்து வழித்துவிடுகிறவர். அவர் போர்க்காலத்தில் ஜெர்மன் வதைமுகாம் ஒன்றின் தளபதியாக இருந்தார், அதை மறைத்துக் கனடாவுக்குள் வந்தார், ஆகையால் குடியுரிமையைப் பறிக்கவேண்டும் என்பது அரசாங்கத்தின் வழக்கு.

முதல் நாடாக்களில் ஒரு சரித்திரப் பேராசிரியர் வெல்னரின் வாழ்க்கையைப் படிப்படியாகச் சொன்னார். தவமலர் அதை வழமைபோலவே ரைப் பண்ணத் தொடங்கினாள்.

வெல்னர் ஒரு மர ஆலையில் கிளார்க்காக இருந்தார். ஆலை பூட்டுப்பட்டது. வேலையில்லாமல் திரிந்த நாட்களில் கட்சியில் சேர்ந்தார். முப்பத்துமூன்றில் கட்சி ஆட்சிக்கு வந்தது. எதிராளிகளைப் பிடித்து ஒரு கைவிட்ட காகித ஆலைக்குள் அடைத்தார்கள். வெல்னருக்கு அங்கே வாசற்காவல் வேலை. மற்றக் காவலர்கள் குடித்துவிட்டுக் கைதிகளை அடிப்பார்கள். இவர் குடிப்பதில்லை, அடிப்பதுமில்லை. காவலர்கள் கைதிகளின் சாப்பாட்டுப் பாணைக் களவெடுத்து விற்கிறார்கள் என்று மேலிடத்துக்கு முறைப்பாடு வைத்தார். மேலிடத்துக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. களஞ்சியத்துக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அதிலிருந்து அலுவலகம். அதிலிருந்து வேறொரு முகாமுக்குத் துணைத் தளபதி. நாற்பத்திரண்டில் கிழக்கே, கற்குவாரி ஒன்றை அண்டி, ஒரு முழு முகாம் அவர் கையில் வந்தது.

அவர் வருவதற்கு முன்னர் அந்த முகாமில் காலைக் கணக்கெடுப்பு மணிக்கணக்காக இழுபடும். பனியில் நின்றபடியே சனம் விழுந்து சாகும். வெல்னர் அதை அரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தார். கைதிகள் அதற்காக அவரை மனதுக்குள் வாழ்த்தினார்கள் என்று அந்தக் கைதிகளில் ஒருவரே சாட்சி சொன்னார். மிச்சம் பிடித்த நேரம் குவாரிக்குப் போயிற்று. வேலைக்கு இனி உதவமாட்டார்கள் என்று கண்டவர்களைப் பிரித்து லொறியில் ஏற்றுவது முன்னர் கூச்சலும் கண்ணீருமாக நடந்த காரியம். அதையும் அவர் ஒழுங்குபடுத்தினார். வேறு முகாமுக்கு மாற்றம் என்று சொல்லி, உடுப்பு மூட்டையையும் கட்டச் சொல்லி, வரிசையில் நிறுத்தி அமைதியாக ஏற்றினார்கள். லொறிகள் காட்டுக்குள் போய் வெறுமையாகத் திரும்பின.

'வரிசை' என்ற சொல் வந்த இடத்தில் தவமலர் மிதியிலிருந்து காலை எடுத்தாள். நாடா நின்றது. ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தையும் அடித்து முடித்தாள்.

அன்றிலிருந்து நாடா மனதை விட்டுப் போக மறுத்தது. சோறு போடும்போது வெல்னரின் குரல் கேட்டது. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அவர் தன் உடைந்த ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். பதற்றமில்லாத, மரியாதையான குரல். தன் வாழ்நாளில் ஒரு கைதியின்மீதும் தான் கை வைத்ததில்லை என்றார். மொன்றியலில் இருந்து ஒரு வயதான பெண் சாட்சிக்கு வந்திருந்தாள். அவளுடைய தகப்பனை அந்த லொறியில்தான் ஏற்றினார்களாம். காட்டில் எந்த இடம் என்று மட்டும் சொல்லும்படி அவள் கேட்டாள். அது தன் பொறுப்பில் இருக்கவில்லை என்று வெல்னர் சொன்னார். பிறகு நாடாவில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. தவமலர் விதிப்படி அந்த இடத்தில் 'மௌனம்' என்று ரைப் பண்ணினாள்.

தவமலரும் இராஜரட்ணமும் இருந்த மாடிக் கட்டடத்தில், இரண்டு தட்டு கீழே, சீமோன் என்று ஒருவன் மனைவி பிலோமினாவோடு இருந்தான். மன்னார்ப் பக்கம், பேசாலைக்காரன். கோழி வெட்டுகிற ஃபக்டரியில் வேலை. தவமலர் நிற்கிற எலிவேற்றரில் அவன் ஏறமாட்டான். கதவு திறந்து அவளைக் கண்டால் எதையோ மறந்தவன்போல ஒரு அடி பின்னுக்குப் போவான். இரண்டு மூன்று வருடமாக இப்படி. தடிப்புப் பிடித்தவன் என்று இராஜரட்ணம் சொல்லியிருந்தார், அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள். இப்போது அது அவளுக்கு வேறுவிதமாகத் தோன்றத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை பின்னேரம், புருஷனுக்குச் சொல்லாமல், கீழே இறங்கிப்போய்க் கதவைத் தட்டினாள்.

பிலோமினாதான் திறந்தாள். சீமோன் சோபாவில் இருந்து ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தான். தவமலரைக் கண்டதும் அவன் எழும்பி நின்றான். மரியாதைக்கு எழும்புகிற எழும்பல் இல்லை அது. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயிற்று, தலை குனிந்தது. அவள் இருக்கச் சொல்லும்வரை அவன் இருக்கவில்லை. தன் வீட்டில், தன் ரீவிக்கு முன்னால்.

வந்த வழியே திரும்பிப் போகலாமா என்று தவமலருக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்டாள்.

"தம்பி, உங்களுக்கு அன்புராசாவைத் தெரியுமோ?"

"ஓம் அக்கா. பதினாலு மாதம் அவற்ற காம்பிலதான் இருந்தனான்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவனுக்கும் அண்ணன் யாக்கோப்புக்கும் ஒரு வள்ளம் இருந்தது. ராமேஸ்வரத்துக்குச் சனத்தைக் கொண்டுபோய் விட்டார்கள். நேவிக்குத் தகவல் கொடுத்ததாக யாரோ சொல்லிவிட, இயக்கம் இருவரையும் பிடித்துக்கொண்டுபோய் வன்னிக் காட்டுக்குள் ஒரு முகாமில் அடைத்தது. நிலத்தில் வெட்டிய கிடங்குகள், மேலே மரக்குற்றி. அன்புராசா பொறுப்பேற்க முன்னர் மழை பெய்தால் கிடங்குக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்குமாம். அவன் வந்துதான் மேலே தகரம் போடுவித்தான். கஞ்சி எல்லோருக்கும் ஒரே அளவில் வரத் தொடங்கியதும் அவன் வந்த பிறகுதான்.

"அடிச்சவங்கள் வேற ஆக்கள். உங்கட தம்பி எனக்கு ஒருநாளும் அடிக்கேல்லை. பொய் சொல்லப்படாது. பின்னேரத்தில வந்து மேல நிண்டு பாப்பார். நாங்கள் எழும்பிக் கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிக்கவேணும். ஆரை விடுறது, ஆரை மற்றப் பக்கத்துக்கு அனுப்புறது எண்டு அவர்தான் முடிவெடுக்கிறது. அண்ணையை ஒரு நாள் கூப்பிட்டினம். வேற காம்புக்கு மாத்தம், உடுத்துற சாரத்தையும் எடுத்துக்கொண்டு வா எண்டிச்சினம். அண்ணை சந்தோசமாத்தான் ஏறிப்போனவர்."

பிலோமினா குசினி வாசலிலேயே நின்றாள். தேத்தண்ணி கொண்டுவரவில்லை. தவமலரும் அதை எதிர்பார்க்கவில்லை.

"உங்களில எனக்குக் கோவமில்லை அக்கா," என்றான் சீமோன். "அம்மா மடுவில மாதா கோயிலடி அகதிக் காம்பில இருக்கிறா. யாக்கோப்பு வருவான் எண்டு இன்னும் சோத்தில ஒரு பங்கு எடுத்துவைக்கிறாவாம். செத்தவர் எண்டால் ஒரு பூசை குடுக்கலாம். நீங்கள் கேட்டால் அவர் சொல்லுவார். எங்க எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

அவள் ஓம் என்றாள். ஓம் என்று சொன்னபோது அவளுக்கு ஒரு தென்பு வந்தது. வளர்த்தவள் கேட்டால் அவன் சொல்லுவான். ஒருவேளை அந்த வேலையையே விட்டுவிட்டு வரவும்கூடும். சின்னனில் அவள் முகம் மாறினால் அவன் சாப்பிடமாட்டான்.

வன்னியில் ரெலிபோன் கிடையாது. இயக்கத்தின் சற்றலைட் போனில் சில மாதங்களுக்கு ஒருமுறை அவன் எடுப்பான். ஒரு ஞாயிறு காலமை, இராஜரட்ணம் கடைக்குப் போன நேரம், போன் வந்தது. சுகம் விசாரித்தான். கால்நரம்பு எப்படி என்று மறக்காமல் கேட்டான். தவமலர் பேசப்போவதை எத்தனையோ தடவை மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். எல்லாம் குழம்பிப்போயிற்று. நேரடியாகவே கேட்டாள்.

"தம்பி, பேசாலை யாக்கோப்பு எண்டு ஒராள் உன்ர பொறுப்பில இருந்தவராம். அவரை எங்க அனுப்பினனீங்கள்?"

பதில் வர நேரமெடுத்தது. அந்தப் போனில் எப்போதும் அப்படித்தான், சொன்னது போய்ச் சேரக் கொஞ்சம் சுணங்கும். ஆனால் இது அதைவிடக் கூடச் சுணங்கியது.

"உந்தக் கதையள் உங்களுக்கு என்னத்துக்கு அக்கா? இஞ்ச எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது. நான் ஒருத்தரிலயும் கை வைக்கிறேல்லை."

"இதைத்தான்ரா அவனும் சொன்னவன்."

"எவன்?"

அஜின்கோர்ட்டில் இருக்கிற ஒரு ஜெர்மன் கிழவனைப்பற்றி வன்னிக் காட்டில் நிற்கிற தம்பிக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? விட்டிட்டு வா, எப்பிடியாவது கொழும்புக்கு வா, மிச்சத்தை நான் பாக்கிறன் என்று அழுதாள். அவன் சிரித்தான். அக்காவின் அறியாமையைப் பார்த்துச் சிரிக்கிற அந்தப் பழைய சிரிப்பு, அதில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு சாதாரணமாகக் கேட்டான்.

"யாக்கோப்பின்ர பேரை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அவள் சீமோனின் பெயரை எடுக்கவில்லை. ஒரு கடையில கேள்விப்பட்டன் என்று பொய் சொன்னாள். "சரி அக்கா, உடம்பைப் பாருங்கோ" என்று அவன் வைத்துவிட்டான்.

அதற்கு மேல் அவள் எதையும் சொல்லியிருக்கவேண்டியதில்லை. பேசாலை யாக்கோப்புக்கு ரொறன்ரோவில் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை.

மார்கழி தொடங்கியபோது சீமோன் அவள் வீட்டு வாசலுக்கு வந்தான். அவனாக வந்தது அதுதான் முதல்தடவை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. மடுவில் தாயிடம் நாலுபேர் போயிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு உன் மகன் இயக்கத்தைப்பற்றி என்ன கதை கட்டுகிறான் என்று கேட்டிருக்கிறார்கள். கடைசித் தம்பியை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நீங்கள் நல்லதுக்குத்தான் கேட்டனீங்கள் அக்கா. இனிக் கேக்கவேண்டாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படிவழியாக இறங்கிப்போனான். மாத முடிவில் அவர்கள் வீட்டைக் காலிபண்ணிவிட்டார்கள். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை.

தவமலர் இராஜரட்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதவு பூட்டியிருக்கிறதா என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தன்னுடைய தாய் தகப்பன் இன்னும் வன்னியில் இருக்கிறார்கள், இந்தக் கதையை இத்தோடு விடு என்றார். அவர் பயந்ததில் பிழை சொல்லமுடியாது. மாசியில் மறுபடியும் தம்பியின் போன் வந்தது. சீமோனின் தம்பியை விடச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று இருந்தது. கேட்டால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் கெடுதல் வருமோ, கேட்காவிட்டால் வருமோ என்று அவளுக்குத் தெரியவில்லை. சாப்பாடு எப்படி, நுளம்பு வலை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான்.

வெல்னரின் வழக்கும் அந்த வருடத்தோடு படுத்துவிட்டது. அவருக்கு மாரடைப்பு வந்து விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. பிறகு ஒரேயடியாக நின்றது. மிச்ச நாடாக்கள் வரவில்லை. கோடையில் ஒருநாள் கம்பனிச் சாப்பாட்டறையில் கிடந்த பேப்பரில் மரண அறிவித்தல் இருந்தது. அன்பான கணவர், பாசமுள்ள பாட்டன், தேவாலயத்தின் நீண்டகாலத் தொண்டர். தவமலர் அதை வாசித்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மூடினாள். அந்த மொன்றியல் பெண்ணுக்கு யாராவது சொல்லியிருப்பார்களோ என்று நினைத்தாள்.

தொண்ணூற்றெட்டில் அன்புராசா ஷெல் விழுந்து செத்தான். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் அவனுக்கு இன்னும் பெரிய பொறுப்புக் கொடுத்து, மூன்று முகாம்களை அவன் கீழ் விட்டிருந்தார்கள் என்று செய்தி கொண்டுவந்த பெடியன் கௌரவமாகச் சொன்னான். தவமலர் தலையிலடித்து அழுதாள். அது பொய்யழுகை இல்லை. அவள் தலை வாரிவிட்ட பிள்ளை. அழுதுகொண்டிருந்தபோதே, இனி யாக்கோப்பைப்பற்றி எவரிடமும் கேட்க முடியாது என்ற நினைப்பும் வந்தது. எது கூட நோகிறது என்று பிரித்துப்பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் அவனுடைய படம் ஒட்டினார்கள். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் வீரவணக்கக் கூட்டம் வைத்து, அவளை விளக்கேற்ற அழைத்தார்கள். அவள் போகமாட்டேன் என்றாள். இராஜரட்ணம் அவளுடைய வெள்ளைச் சீலையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அவள் போனாள், விளக்கேற்றினாள். ஒருவர் மேடையில், அன்புராசா கைதிகளுக்குக்கூட நீதி தவறாதவர் என்று பேசினார். சனம் கைதட்டியது.

அடுத்த கிழமை அவள் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, சீமோனின் கோழி ஃபக்டரியைத் தேடிப் போனாள். இரண்டு பஸ் மாறவேண்டியிருந்தது. பின்பக்கத்தில், இடைவேளைக்கு வெளியே வந்தவர்களுக்குள் அவன் நின்றான். தலையில் வலைத்தொப்பி, வெள்ளை அங்கியில் இரத்தம். அவளைக் கண்டு இந்தமுறை அவன் கையைக் கட்டவில்லை. சிகரெட்டை மட்டும் கீழே போட்டு மிதித்தான்.

"கேள்விப்பட்டனான் அக்கா," என்றான்.

"சின்னவனை விட்டிட்டினமோ தம்பி?"

"இல்லை. ஒரு தகவலும் இல்லை."

அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். அவன் முன்னால் நின்றபோது அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை. வந்திருந்தாலும் அவன் அதை வைத்து என்ன செய்வான்? இரண்டு பேரும் லொறியிலிருந்து கோழிக்கூடுகளை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவர் சாகவேணும் எண்டு நான் எத்தினையோ நாள் மாதாவிட்டக் கேட்டனான்," என்றான் சீமோன். "இப்ப அம்மா சொல்லுறா, அவர் இருந்திருக்கலாம் எண்டு. கேக்கிறதுக்கு ஒராளாவது இருந்திருக்குமாம்."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. அவன் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். தவமலர் தரிப்பிடத்துக்கு நடந்தாள். பஸ் வர நேரமெடுத்தது. கந்தோரில் அவளுக்கு ஒரு கார் விபத்து வழக்கின் நாடா வந்து கிடந்தது. பின்னேரத்துக்குள் அடித்துக் கொடுக்கவேண்டும்.